முடிச்சில்லாத் தையல்

கூடு கட்டும் கலை என்றதும் நம்மவர்கள் தூக்கணாங்குருவியைத்தான் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். என் வாக்கு தையற்சிட்டுக்கு. தூக்கணாங்குருவி தன் பின்னலை ஊரறியத் தொங்கவிடும். இது கூடு இருப்பதே தெரியாமல் கட்டும். இதைப் பார்க்கச் சிங்கராஜ வனத்துக்குப் போகவும் வேண்டாம். இரத்மலானையில் ஒரு வளவில் கொய்யா மரமும் நாலு குறோட்டன் செடியும் நின்றால் போதும். அத்திடியச் சதுப்புநிலத்து ஓரப் பற்றைகளென்றால் கேட்கவே வேண்டாம்.

முதலில் வருவது குரல். காலி வீதி பஸ்களின் ஹோர்னையும் மீறி விடாமல் அடிக்கும். பத்துக் கிராம் அளவேயான உடம்புக்கு இவ்வளவு தொண்டையா! சத்தம் வந்த இடத்தைப் பார்த்தால் குருவி அங்கே இராது. இரண்டு கிளை தள்ளி, இலையின் அடிப்பக்கத்தில் புழு பொறுக்கிக்கொண்டிருக்கும். பின்னால் அலைவது வீண். பற்றைக்கு எதிரே கதிரையைப் போட்டு அசையாமல் இருந்தால் தானாகவே வரும்: செங்கபில உச்சி, பச்சை முதுகு, நிமிர்ந்த வால். கத்தும்போது மட்டும் கழுத்தோரத்தில் ஒரு கறுப்புத் திட்டு விரிந்து மறையும்.

கத்துவதில் ஆண் கெட்டிக்காரன், தைப்பது பெண். இலையைக் காம்போடு விட்டு, இரு விளிம்பையும் நெருக்கி, அலகால் துளையிட்டு, சிலந்தி நூலையோ பஞ்சிழையையோ கோத்து இழுக்கும். தையல் என்கிறோமே தவிர, ஒரே நூலில் ஓடித் தைப்பதில்லை. துளைக்குத் துளை தனி இழை. வெளியே வந்த நுனி பிரிந்து குஞ்சமாகிவிடுவதால் திரும்ப உள்ளே நழுவாது; முடிச்சுக்கே வேலையில்லை. இரத்மலானை ரெயில்வே வேர்க்சொப்பில் தகடு பூட்டுகிற ரிவெட்டுக்குத்தான் இது கிட்டிய சொந்தம். துளைகள் மிகச் சிறியவை. ஆகவே இலை வாடாது, பச்சையாகவே நிற்கும். அந்தப் பைக்குள் இலவம்பஞ்சும் மயிரும் மெத்தையான பிறகுதான் முட்டை. வழியில் போகிறவருக்கு அது இன்னுமோர் இலை. வெளிப்புறத்து வெள்ளைப் பஞ்சுப் பொட்டுகள்தான் துப்பு.

இந்தக் குருவியின் பெயர் விஞ்ஞான ஏட்டில் ஏறியதும் இலங்கையால்தான். 1752 முதல் 1757 வரை இங்கே ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டன், டி பெவெரே என்ற ஓவியரைக் கொண்டு பறவைகளை வரைவித்தார். அந்தச் சேகரிப்பை வைத்து இங்கிலாந்தில் தோமஸ் பெனன்ட் 1769இல் தையற்சிட்டை விவரித்தார். உதிர்ந்த இலையொன்றைப் பொறுக்கிவந்து உயிரிலையோடு சேர்த்துத் தைக்கும் என்பது அவர் எழுத்து. வளவில் குந்தியிருந்து பார்த்தவர் அப்படி எழுதியிருக்கமாட்டார்.

கூட்டைக் கண்டால் இலையை விரித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பயந்தால் விட்டுவிட்டுப் போய்விடும். அடைகாக்க 12 நாளளவு, குஞ்சு பறக்க மேலும் இரண்டு கிழமை. அதுவரை கொய்யா மரத்தில் கொப்பு வெட்ட வருகிற ஆளுக்கு வேறு வேலை கொடுங்கள்.