இட்லி ஒரு ரூபாய்... சாம்பார் தனி!

ஒரு ஓட்டல். வாசல் போர்டில் 'இட்லி ஒரு ரூபாய்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. ஆசையாக உள்ளே போய் உட்காருகிறீர்கள். இலைக்கு ஐந்து ரூபாய். சாம்பாருக்குப் பத்து. சட்னிக்குப் பத்து. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் இருபது. பில்லைக் கல்லாவில் கட்டினால் 'வசதிக் கட்டணம்' முப்பது!

'அடப்பாவிகளா, பக்கத்து ஓட்டலுக்கே போயிருக்கலாமே!' என்று புலம்பிக்கொண்டுதானே வெளியே வருவீர்கள்? மலிவு விலை விமானத்தில் ஏறி இறங்குகிறவர்கள் இப்போது இப்படித்தான் புலம்புகிறார்கள். புலம்பலில் எவ்வளவு நியாயம்? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பி.காம். படித்தது இதற்காவது உதவட்டும்.

முதலில் ஒரு விஷயம். மலிவு விமானம் என்பதே ஏமாற்று வேலை இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் 1971-ல் பறக்க ஆரம்பித்த சவுத்வெஸ்ட் கம்பெனி, இதற்கு ஒரு சூத்திரமே எழுதி வைத்தது. ஒரே ரக விமானத்தை மட்டும் வாங்கு. பைலட் பயிற்சி, மெக்கானிக், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாவற்றிலும் மிச்சம். தரையில் நிற்கிற விமானம் வட்டிதான் தின்னும். அதனால் இறங்கிய கையோடு ஆட்களை ஏற்றிக் கிளப்பு. விருந்து வேண்டாம், வெள்ளிக் கரண்டி வேண்டாம். அவ்வளவுதான்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்தவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற கேப்டன் கோபிநாத். 2003-ல் அவர் ஆரம்பித்த ஏர் டெக்கான், ஒரு ரூபாய் டிக்கெட் விற்றது. ஒரு விமானத்தில் சில சீட்டுகளுக்குத்தான் அந்த விலை என்றாலும், அந்த ஒரு ரூபாயைப் பார்த்துத்தான் பல குடும்பங்களுக்கு 'நாமும் ஏறலாம்போல' என்ற எண்ணமே வந்தது. 2020-ல் வந்த 'சூரரைப் போற்று' படம் அவர் கதையை வைத்து எடுத்ததுதான். சினிமாவில் சுபம் போட்டாகிவிட்டது. நிஜத்தில், ஏர் டெக்கானை விஜய் மல்லையாவின் கிங்ஃபிஷர் விழுங்கியது. 2012-ல் கிங்ஃபிஷரே படுத்துவிட்டது.

ஆக, செலவைக் குறைத்து விலையைக் குறைப்பது நேர்மையான வியாபாரம். சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. டிக்கெட்டைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை போட ஆரம்பித்தார்கள். பெட்டிக்கு, சீட்டுக்கு, முதலில் ஏறுவதற்கு எல்லாம் தனித்தனி ரேட். ஐரோப்பாவின் ரையன்ஏர் முதலாளி மைக்கேல் ஓ'லியரி, 2009-ல் ஒரு பேட்டியில், விமானத்து டாய்லெட்டுக்கும் காசு வாங்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். நல்லவேளை, அது நடக்கவில்லை. 'பெட்டிக்குக் காசு கிடையாது' என்று பல வருஷம் மார்தட்டிய சவுத்வெஸ்ட்டும் 2025 மே மாதம் பெரும்பாலான பயணிகளிடம் பெட்டிக்குக் காசு கேட்க ஆரம்பித்துவிட்டது. குருவே சறுக்கிய பிறகு சிஷ்யர்களைச் சொல்லி என்ன பயன்?

சரி, என் கணக்குக்கு வருகிறேன். சென்னையிலிருந்து டெல்லிக்கு நான், மனைவி, பதினைந்து வயதுப் பையன். மலிவு விமானத்தில் ஒரு டிக்கெட் 5,200 ரூபாய். சாப்பாடு போடுகிற விமானத்தில் 5,950. மூன்று பேருக்கு வித்தியாசம் 2,250. 'மிச்சம்டா சாமி' என்று மலிவையே தட்டினேன்.

அடுத்த பக்கம் சீட். மூன்று பேரும் சேர்ந்து உட்கார, ஆளுக்கு 375 வீதம் 1,125 ரூபாய். (பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அப்பா அல்லது அம்மா பக்கத்தில் சீட் தரவேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. 2024-ல் சொல்லிவிட்டது. என் பையன் மூன்று வருஷம் முந்திப் பிறந்துவிட்டான்.) மேலே போனதும் பசி. ஒரு உப்புமா, ஒரு டீ, ஆளுக்கு 400 வீதம் 1,200. ஆக மொத்தம் 2,325. மிச்சம் பிடித்ததாக நினைத்தது 2,250. அதாவது, மலிவு விமானத்தில் போனதற்காக 75 ரூபாய் அதிகம் கொடுத்திருக்கிறேன்! நான் பார்த்த அந்த இன்னொரு டிக்கெட்டில் சாப்பாடும் சேர்த்தி, சீட்டுக்கும் தனிக் காசு இல்லை. 'கன்வீனியன்ஸ் ஃபீ'யை இரண்டு பேருமே வாங்குகிறார்கள் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

திரும்பி வரும்போது உஷாராகிவிட்டேன். அதே விலை வித்தியாசம். வீட்டிலிருந்தே பூரி கட்டிக்கொண்டோம். சீட் வாங்கவில்லை. மனைவி ஏழாவது வரிசை, பையன் பத்தொன்பது, நான் இருபத்தெட்டில் இரண்டு பேருக்கு நடுவே சட்னி. முழுசாக 2,250 மிச்சம். (கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து இரண்டே முக்கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்ததில் மனைவிக்கு ஏகப்பட்ட சந்தோஷம் என்பது தனிக்கதை.)

ஆக, மலிவு டிக்கெட்டில் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. கைப்பையோடு, தனியாக, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பல வாரம் முன்னாடியே டிக்கெட் போட்டுப் போகிறவருக்கு அது நிஜமாகவே மலிவு. குடும்பம், பெட்டி, பசி என்று மனுஷத்தனமாகப் போனால் மலிவு காணாமல் போகும்.

'வேணும்கிறவன் காசு கொடுக்கட்டும், வேணாம்கிறவன் மிச்சம் பிடிக்கட்டும். இதுல என்ன தப்பு?' என்று கேட்கலாம். தப்பே இல்லை. சாம்பார் வேண்டாதவன் ஏன் சாம்பாருக்குக் காசு கொடுக்கணும்? என் சண்டை விலையோடு இல்லை, போர்டோடு. மொத்த விலையை முதல் பக்கத்தில் சொன்னால் நான் நாலு கடை ஏறி இறங்கி ஒப்பிடுவேன். பேர், வயசு, போன் நம்பர் எல்லாம் அடித்துக் களைத்துப்போய் ஐந்தாவது பக்கத்தில் சொன்னால், 'போய்த் தொலையட்டும்' என்று கட்டிவிடுவேன். அந்தக் களைப்பைத்தான் காசாக்குகிறார்கள்.

அரசாங்கத்துக்கும் இது தெரியும். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் துறை, இணைய வியாபாரத்தில் 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. விலையைச் சொட்டுச் சொட்டாகச் சொல்வது அதில் ஒன்று. 2022 ஜூலையில், ஏர்போர்ட் கவுன்டரில் போர்டிங் பாஸ் தரத் தனிக் காசு வாங்கக் கூடாது என்றும் விமானத் துறை அமைச்சகம் கறாராகச் சொன்னது. காகிதத்தில் நல்ல சட்டம். முதல் பக்கத்து விலையும் கடைசிப் பக்கத்து விலையும் ஒன்றாகிற அன்றைக்குத்தான் அது வேலை செய்கிறது என்று நம்புவேன்.

டெல்லி போன அன்றைக்கு எனக்கு முன்னால் வரிசையில் ஒரு பெரியவர். வேட்டி, தோளில் துண்டு. முதல் விமானப் பயணம் என்று பார்த்தாலே தெரிந்தது. பெட்டி 18 கிலோ. அனுமதி 15. "எக்ஸ்ட்ரா கிலோவுக்கு ஐந்நூத்தம்பது, சார்" என்றார் கவுன்டர் பெண், சிரித்த முகத்தோடு. மூன்று கிலோவுக்கு 1,650. பெரியவர் ஓரமாகப் போய்ப் பெட்டியைத் திறந்தார். உள்ளே புழுங்கல் அரிசிப் பை. "பிரசவமாகிப் படுத்திருக்கா, பொண்ணு. அங்கே நம்ம அரிசி கிடைக்கலையாம்" என்றார், என்னைப் பார்த்து. அவர் கைப்பையும் நிரம்பி வழிந்தது. என் கைப்பையில் இடமிருந்தது. ஆனால், 'முன்பின் தெரியாதவர் பொருளை வாங்காதீர்கள்' என்று மேலே ஸ்பீக்கர் சொல்லிக்கொண்டே இருந்ததே! நான் வாயைத் திறக்கவில்லை.

இருநூறு ரூபாய் அரிசிக்கு 1,650 ரூபாய் கட்ட அவருக்கு மனசு வரவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பையைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

அவர் டிக்கெட்டும் மலிவு விலை டிக்கெட்தான்.