கொலைக்களக் காதையில் ‘கள்வன்’ என்னும் சொல்

மதுரைப் பழங்காநத்தத்துக் கோவலன் பொட்டலைக் கோவலன் கொலையுண்ட களமென மக்கள் வழங்குவர். அவ்வழக்கின் வரலாற்றுண்மை எவ்வாறாயினும், சிலம்பின் கொலைக்களக் காதை காட்டும் உளவியலை ஈண்டு ஆராய்வாம்.

கோவலனை நேரிற் கண்ட காவலர், இவன் கொலைக்குரியன் அல்லன் என்றே கருதினர். பொற்கொல்லனோ அவன் களவுக்குச் சான்று காட்டினானல்லன். கள்வர்க்குத் துணையாவன எட்டென வகுத்துரைத்தான். அவ்வுரையில் கோவலன் மறைந்தான்; ‘கள்வன்’ என்னும் வகையே எஞ்சிற்று. அவனது நற்றோற்றமும் வஞ்சமாயிற்று. வாள் வீசியவன் கல்லாதவன். அவன் கையை இயக்கியதோ நூலறிவின் கோலம் பூண்ட சொல்.

1871-இல் எழுந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த குற்றப் பரம்பரைச் சட்டமும் இவ்வாறே மதுரைப் பகுதிக் கள்ளரைப் பிறப்பாற் குற்றவாளியர் என வகுத்தது. அதனை எதிர்த்தோர் 1920-இல் பெருங்காமநல்லூரில் சுடப்பட்டனர்.

முகங்கண்ட காவலர்தம் தயக்கத்தையே அறத்தின் குரலென நாம் கொள்கின்றோம்.