குலுவுக்குப் பின்னால் நடப்பவர்

பிப்பா எர்லிக் எடுத்த ‘பாங்கோலின்: குலுவின் பயணம்’ ஆவணப்படத்தை (2025, நெட்ஃபிளிக்ஸ்) ரெண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை எல்லாரையும் போல உருகியாச்சு. ரெண்டாவது தடவை கொஞ்சம் எரிச்சல் வந்தது.

ஒரு சின்ன விளக்கம். நாம எறும்புத்தின்னின்னு சொல்ற இதுக்கும் தென்னமெரிக்க எறும்புத்தின்னிக்கும் நெருங்கிய உறவில்லை. பூனை, நாய் வகையறாதான் இதற்குக் கிட்டத்துச் சொந்தம். குழப்பமில்லாமல் அழுங்கு என்றே எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் கடத்தல்காரர்களிடமிருந்து மீட்கப்பட்ட அழுங்குதான் குலு. அதைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பப் பாடுபடுகிறவர் காரெத் தாமஸ் என்ற தன்னார்வலர். படம் ஜெயிப்பது நடையில். அந்த ஊர் தரை அழுங்கு, கிண்ணத்தில் எறும்பைக் கொட்டி வைத்தால் பெரும்பாலும் சீந்தாது. தானே மோப்பம் பிடித்து, தோண்டி, நாக்கை விட்டுத் துழாவணும். அதனால் தினமும் மணிக்கணக்கில் யாராவது பின்னாலேயே நடக்க வேண்டியிருக்கிறது. தைபே விலங்குக்காட்சி சாலையில் தயாரித்த உணவு கொடுத்து அழுங்குகளை வளர்த்து, குட்டியும் போட வைத்திருக்கிறார்கள். ஆனால் அது வேறு இனம், பல வருஷப் பாடு. ‘கூண்டில் பெருக்கிக் காப்பாத்திடலாமே’ என்பவர்கள் இந்த நடைக் காட்சிகளைப் பார்க்கணும்.

எரிச்சல் எங்கே? போகப்போக இது காரெத்தின் மனசு ஆறுகிற கதையாகிவிடுகிறது. எர்லிக் இணைந்து இயக்கிய ஆக்டோபஸ் படத்திலும் இதே சூத்திரம்தான். குலுவோட அழகும் நெருக்கமும் அள்ளி அள்ளித் தரப்படுகின்றன. கூடப் பார்த்த அக்கா பெண் கேட்ட முதல் கேள்வி: “மாமா, இதை நம்ம வீட்டில வளர்க்கலாமா?” அந்த ஆசை பிறந்தது குழந்தையோட தப்பில்லை.

காரெத்துக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை மின்வேலிக்குக் கொடுத்திருக்கலாம். தரை அழுங்கு பின்னங்காலில் நடக்கும். செதிலில்லாத வயிறு கீழ்க்கம்பியில் பட்டதும், பயந்து கம்பியைச் சுற்றியே சுருண்டுகொள்ளும். ஷாக் அடிக்க அடிக்க இன்னும் இறுகும், செத்தும் போகும். சிங்கத்திடம் தப்ப உதவுகிற அதே சுருளல்! மனுஷனுக்கோ அப்படியே தூக்கிச் சாக்கில் போட வசதி. பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி என்பதால் இழப்பு சுலபத்தில் ஈடாகாது. 2016இல் இதே நாட்டில், ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்ஸ் மாநாடுதான் 8 அழுங்கு இனங்களின் சர்வதேச வணிகத்தையும் தடைசெய்தது. அதற்கப்புறமும் குலு ஏன் விலைபொருளாச்சு, வாங்க இருந்தவன் யார் என்று கேட்கிற இடத்தில் கேமரா மறுபடி காரெத்தின் முகத்துக்கே போய்விடுகிறது.