சாயமும் உப்பும்

கழுகுமலையைச் சூழ்ந்த கரிசல் பூமியின் இலக்கியத்தில் தண்ணீர் என்றாலே மழைதான். இடைசெவல் தந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும், பின்வந்த பூமணியும் வானம் பார்த்த மக்களின் வாழ்வையே எழுதினர். மழை பொய்த்தால் விதியை நோவதன்றி அம்மக்களுக்கு வேறு வழியில்லை. இந்த மரபில் ஊறிய நாம், சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ (1998) நாவலில் வேறொரு துயரத்தைச் சந்திக்கிறோம். அங்கே ஆற்றில் நீர் உண்டு. அதை மாடும் குடிக்க இயலாது.

நாவலின் களம் திருப்பூர். வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. பின்னலாடை ஏற்றுமதி பெருகப் பெருக, சலவை, சாயப் பட்டறைகளின் கழிவும் இந்த ஆற்றில் பெருகிற்று. பாசனத்துக்கென 1990களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே கழிவுநீர்த் தேக்கமாயிற்று. அந்நியச் செலாவணி ஈட்டும் நகரமென்று திருப்பூரை நாடே புகழ்ந்த காலம் அது. அந்நகரிலேயே வாழ்ந்துகொண்டு அந்தப் புகழுக்கு ஆறு கொடுத்த விலையை எழுதியதுதான் இந்நாவலின் தலையாய சிறப்பு.

எனினும், தலைப்பாய் நிற்கும் படிமத்தைக் குறித்து நமக்கு ஒரு தயக்கம் உண்டு. சாயம் கண்ணுக்குத் தெரிவது. சிவந்தும் கறுத்தும் ஓடும் ஆறு பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கும். ஆனால், நிலத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு நிறமில்லாத உப்பினுடையது. சாயம் நூலில் ஏறுவதற்குப் பட்டறைகளில் உப்பை மிகுதியாகச் சேர்ப்பர். சுண்ணாம்பு முதலியவற்றால் கழிவைத் தெளிய வைத்தால் நிறம் பெரும்பாலும் நீங்கும். கரைந்த உப்போ அப்படியே நிற்கும். அது கிணற்றுக்குள் இறங்கும். வயலில் படிந்து பயிரைக் கருக்கும். ஆகவே, நீர் தெளிந்ததைக் கண்டு தீமை நீங்கிற்று என்று நாம் எண்ணிவிடக் கூடாது. உவர்க் கிணறுகளை அறிந்த கரிசல் வாசகருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. நம் ஊர்க் கிணற்றின் உவர் பெரும்பாலும் மண்ணின் இயல்பு. நொய்யல் கரையின் உவரோ மனிதர் வார்த்தது.

அந்த மனிதர் யார் என்ற கேள்வி நம்மையும் தொடுகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் தென் மாவட்டக் குடும்பங்கள் பல பிழைப்புத் தேடித் திருப்பூருக்குச் சென்றன. கழிவை அறவே வெளியேற்றாத நிலையை எட்டாத பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டபோது, வேலை இழந்தவர்களும் ஏழைகளே. அதற்கு முன்பே நிலம் இழந்து நின்ற உழவர்களும் ஏழைகளே. பூமியின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் சேர்ந்தே கேட்கப்பட வேண்டும் என்பது திருத்தந்தை பிரான்சிசின் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலின் மையக் கருத்து. கூலிக்காரரை உழவருக்கு எதிராக நிறுத்தும் எழுத்து, இலாபம் கண்டவரையும் மலிவு விலையில் ஆடை வாங்கி உடுத்தும் நம்மையும் எளிதாகத் தப்பவிடும்.

கரிசலின் எழுத்து வறட்சியைத் தாங்கும் பொறுமையை நமக்குக் கற்றுத் தந்தது. அது அரிய செல்வம். ஆயினும், மழையின்மைக்கு உரிய அந்தப் பொறுமையைக் கழிவுநீருக்கும் காட்டுவது தகாது. ‘சாயத்திரை’யை நம் இல்லங்களில் வாசிக்க வேண்டும் என்று நாம் பரிந்துரைப்பது இதனாலேயே.