ஒரே கல், மூன்று பாதை

சிங்கப்பூரில் மலைச் சைக்கிளா, அங்கே மலை ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாட்டிலேயே உயரமான புக்கிட் தீமா குன்று 163 மீட்டர். ஆனால் மலைச் சைக்கிளுக்கு உயரத்தைவிட முக்கியமானது தரை. பத்தடிக்கொரு முறை குணம் மாறும் ஒற்றையடிப் பாதை கிடைத்தால் போதும். அப்படிப்பட்ட பாதைகளில் எனக்குப் பிரியமானவை மூன்று: புக்கிட் தீமா, செஸ்ட்நட், புலாவ் உபின் தீவிலுள்ள கெத்தாம்.

ஓட்டுபவர்கள் இவற்றை நீளத்தை வைத்து ஒப்பிடுவார்கள். நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்ற கடினக் குறிகளை வைத்தும் ஒப்பிடுவார்கள். நான் கல்லை வைத்து ஒப்பிடுகிறேன். மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கருங்கல். புவியியலாளர்கள் ‘புக்கிட் தீமா கிரானைட்’ என்று பெயரிட்டிருக்கும் இந்தப் பாறைக்கு வயது இருபது கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஒன்றில் அதை வேர் மூடியிருக்கிறது, ஒன்றில் அது மண்ணாகிவிட்டது, ஒன்றில் மனிதன் அதை வெட்டித் திறந்துவிட்டான். சக்கரத்துக்குக் கிடைக்கும் சுவை வேறுபடுவது இதனால்தான்.

புக்கிட் தீமாவின் பாதை, குன்றின் மழைக்காட்டைச் சுற்றிச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடுகிறது. மழைக்காட்டு மண்ணின் சத்தில் பெரும்பகுதி மேலடுக்கில் இருப்பதால் மரங்கள் வேரை ஆழத்துக்கு அனுப்புவதைவிடப் பக்கவாட்டில் பரப்புகின்றன. அந்த வேர்கள்தான் இங்கே படிக்கட்டு. ஏற்றத்தில் முன்சக்கரத்தை ஒரு வேரின்மேல் தூக்கி வைத்த கணத்திலேயே உடலை முன்னே சாய்த்துப் பின்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் அது முட்டி நிற்கும். ஈர வேரை நேர்க்கோணத்தில்தான் கடக்கலாம். சாய்வாகத் தொட்டால் சக்கரம் வேரின் திசையிலேயே வழுக்கிப் போகும். அதனால் கண் எப்போதும் இரண்டு வேர் முன்னாலேயே இருக்கும். ஒரு பக்கம் விரைவுச்சாலையின் இரைச்சல், மறுபக்கம் துடுப்புவால் கரிச்சானின் குரல். வளைவொன்று திரும்பியதும் இரைச்சல் அடங்கிப் பறவை மட்டும் மிஞ்சும் இடம் ஒன்று உண்டு. அங்கே வேகத்தைக் குறைக்காமல் போக எனக்கு மனம் வராது.

செஸ்ட்நட்டில் கல்லே கண்ணில் படாது. வெயிலும் மழையும் கருங்கல்லைக் கரைக்கும்போது அதிலுள்ள ஒரு கனிமம் களிமண்ணாகிறது, குவார்ட்ஸ் துகள் மணலாக நிற்கிறது, இரும்பு துருவேறிச் சிவக்கிறது. அந்தச் செம்மண்ணில்தான் இந்தப் பாதை வெட்டப்பட்டது. 2017-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட 81 ஹெக்டேர் பூங்கா இது, சைக்கிளுக்கு 8.2 கிலோமீட்டர், நடப்பவர்களுக்குத் தனிவழி. புக்கிட் தீமாவில் தடத்தை வேர் தீர்மானிக்கிறது என்றால் இங்கே தீர்மானிப்பது மண்வெட்டி. வளைவுகளில் வெளிப்பக்கத்தை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். பிரேக்கைத் தொடாமல் சாய்ந்தால் அந்த மண்சுவர் சக்கரத்தைத் தாங்கி அடுத்த வளைவுக்குள் தள்ளிவிடும்.

இதைவிட நுட்பமான வேலை ஒன்று உண்டு. நல்ல பாதை அமைப்பவர்கள் நீண்ட இறக்கத்தை நீளமாகவே விடமாட்டார்கள். இடையிடையே சின்னதாக ஒரு பள்ளமும் மேடும் வைப்பார்கள். மழைநீர் பாதையோடு ஓடி மண்ணை அரிக்காமல் அந்தப் பள்ளத்தில் ஓரமாக வடிந்துவிடுவதற்கான ஏற்பாடு அது. தண்ணீரை வெளியேற்றச் செய்த அந்த மேடுபள்ளம்தான் ஓட்டுபவரின் வயிற்றில் ஒரு குலுக்கலாக, ஒரு சிரிப்பாக வந்து சேர்கிறது. இங்குள்ள பழைய ரப்பர் மரங்களினூடே போகும்போது காய் ‘டப்’பென்று வெடித்து விதை சிதறும் சத்தமும் கேட்கும். தோட்டத்து நினைவுள்ள மலாயாத் தமிழ்க் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

கெத்தாமுக்குப் போகச் சாங்கியில் படகேற வேண்டும். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு நகரும். சைக்கிளும் கூடவே வரும். உபின் கல்லுக்குப் பேர்போன தீவு. 1851-இல் ஒளியேற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் இங்கிருந்து போன கல்லில் எழுந்தது. வெட்டியது போக நின்ற குழியில் நீர் நிறைந்து கெத்தாம் குட்டையாயிற்று. அதைச் சுற்றி 45 ஹெக்டேரில் 2008-இல் சைக்கிள் பூங்கா வந்தது. இங்கே நிழல் குறைவு, பாறை வெளியே தெரிகிறது. குவார்ட்ஸ் மணல் தூவிய இறக்கத்தில் முன்பிரேக்கைச் சற்றே அதிகம் பிடித்தாலும் சக்கரம் மிதக்கத் தொடங்கும். விரல் நுனியால் பிடித்துப் பிடித்து விட வேண்டும். அடுத்த நொடியில் மணல் தீர்ந்து வெறும் பாறை வரும். அங்கே அதே சக்கரம் தரையைக் கவ்விக்கொள்ளும். நம்பாமையும் நம்பிக்கையும் இவ்வளவு அருகருகே இருக்கும் தரை மற்ற இரண்டிலும் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் மூன்றையும் அடையாளம் சொல்லலாம். புக்கிட் தீமா தடக் தடக்கென்று தட்டும். கெத்தாம் நறநறக்கும். செஸ்ட்நட்டில் டயரின் ஒலியே இராது, சங்கிலி மட்டும் முனகும்.

எது முதலிடம் என்று கேட்டால் முந்தின நாள் மழை பெய்ததா என்று நான் திருப்பிக் கேட்பேன். நாலு நாள் வெயில் காய்ந்திருந்தால் வேர் வழுக்காது. புக்கிட் தீமாவுக்கு ஈடில்லை. மழை இப்போதுதான் விட்டது என்றால் செஸ்ட்நட்டைத் தொடவே கூடாது: களி டயரின் பற்களை அடைத்துவிடும், நாம் விட்டுப்போகும் தடம் காய்ந்து அடுத்தவருக்குப் பள்ளமாகும். அந்த நேரத்தில் மணலும் பாறையுமான கெத்தாம் பரவாயில்லை. மழைவிட்டு ஒரு நாள் ஆகியிருந்தால் வேறு பேச்சே இல்லை. செஸ்ட்நட்டின் மண் அப்போது புட்டுக்குப் பிசறிய மாவின் பதத்தில் இருக்கும். பிடித்தால் பிடிபடும், விட்டால் உதிரும். சாய்ந்து திரும்புபவனுக்கு அதைவிட நல்ல தரை இந்த நாட்டில் கிடையாது. அன்றைக்கு மட்டும் முதலிடத்தை அதற்கே கொடுத்துவிடுவேன்.