கோயில் இட்லியைக் காப்பது எது?

ஓரிக்கைப் பக்கம் கோயில் இட்லி பற்றிப் பேச்செடுத்தால், "மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் போட்டிருக்கு, சீக்கிரம் கெடாது" என்பார்கள். பக்கத்துச் சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதம் அது. மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மாவை ஊற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைப்பார்கள். செடிகளின் நறுமண எண்ணெயே உணவைக் காக்கும், செயற்கைப் பதப்பிகள் வேண்டாம் என்று இன்று உணவுத் துறையில் எழும் குரலும் இதே நம்பிக்கையின் மறுவடிவம்தான். அது எவ்வளவு தூரம் நிற்கும்?

நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. கிராம்பின் யூஜெனாலும் ஓமத்தின் தைமாலும் பாக்டீரியாவின் சவ்வைக் குலைத்து, உள்ளிருப்பதைக் கசியவிடும். ஆனால் ஆய்வுக்கூடக் குடுவை வேறு, சாப்பாடு வேறு. சாப்பாட்டிலுள்ள கொழுப்பும் புரதமும் எண்ணெயைத் தம்மிடம் இழுத்துக்கொள்ளும். கிருமியோ ஈரத்தில் வளரும். உணவில் அதே பலன் கிடைக்க அளவைப் பல மடங்கு கூட்ட வேண்டியிருக்கும் என்பதை சாரா பர்ட்டின் 2004ஆம் ஆண்டு மீளாய்வு எடுத்துக்காட்டியது. அவ்வளவு சேர்த்தால் பண்டத்தை வாயில் வைக்க முடியாது.

கோயில் இட்லியின் நிலை இன்னும் பலவீனம். மிளகு எண்ணெயில் பெரும்பகுதி டெர்பீன் ஹைட்ரோகார்பன்கள். கிருமியை அடக்குவதில் அவை தைமாலுக்கு ஈடில்லை. குடலையிலிருந்து மணம் எழும்போதே எண்ணெயில் ஒரு பங்கு ஆவியோடு வெளியேறுகிறது. அரிசியில் வரும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் வேக்காட்டையும் தாங்குபவை. மிஞ்சிய எண்ணெயால் அவற்றை அழிக்க முடியாது. அவை முளைத்துப் பெருகாமல் தடுப்பதில் புளிப்புக்கே பெரும்பங்கு. லியூக்கோனாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அமிலம் மாவின் பிஎச் அளவை ஏறத்தாழ 4.5 வரை இறக்குகிறது. மசாலா அதற்குத் துணை, அவ்வளவே.

இயற்கையானது என்பதாலேயே தீங்கற்றது என்றும் சொல்லிவிட முடியாது. சில துளசி வகைகளில் உள்ள மெத்தில் யூஜெனாலைத் தனிப்பொருளாக உணவில் சேர்க்க, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதி தடை போட்டிருக்கிறது. மண்ணும் பருவமும் மாறினால் எண்ணெயின் வீரியமும் மாறும் என்பது இன்னொரு சிக்கல்.

ஆனால் இட்லியில் பலவீனமாக இருந்த அதே ஆவியாகும் குணம், மூடிய தானியக் கலத்தில் பலமாகிறது. மணிகளின் இடுக்கெல்லாம் புகுந்து பூஞ்சையையும் வண்டையும் அடக்க முடிகிறது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் என்.கே. தூபே குழுவினர் இத்தகைய எண்ணெய்களைக் கைட்டோசான் நுண்ணுறைக்குள் அடைத்து, மெல்ல வெளிவரச் செய்து, அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்தார்கள். நிலக்கடலையும் மிளகாயும் அந்த நஞ்சுக்கு எளிதில் இலக்காகும் நம் நாட்டுக்கு இது பொருத்தமான பாதை.

எனவே, சேமிப்புக் கலத்தில் நறுமண எண்ணெய்க்கு இடம் கொடுக்கலாம். சமைத்த பண்டத்துக்கு அதை ஒற்றைக் காவலாக ஏற்க முடியாது. புளிப்பு, வேக்காடு, சுத்தம், குளிர்ச்சி ஆகியவற்றோடு கூட நிற்கும் துணையாக மட்டும் ஏற்கலாம். ‘இயற்கைப் பதப்பி’ என்று லேபிளில் போடுபவர்கள், எந்த எண்ணெய், எவ்வளவு, அதே பண்டத்தில் எத்தனை நாள் சோதித்தது என்பதையும் சொல்லட்டும். கோயில் இட்லியை மறுநாளுக்கு வைப்பவர்கள் மிளகை நம்பாமல் ஃபிரிட்ஜில் வைப்பதே சரி.