உறங்கும் சபையும் நான்கு கனவுகளும்

மனிதன்மேல் இறைவன் இத்துணைக் கருத்துக்கொள்வது ஏனோ என எட்டாம் சங்கீதம் வியந்து துதிக்கிறது. அதே வினாவை யோபு தன் வேதனையின் நடுவே எழுப்பும்போது (7:17-18), அது துதியாக இல்லை. தன்னை ஓயாமல் வேவுபார்க்கும் கடவுளைக் குறித்த கசப்பான நையாண்டியாகிறது. ஆசாரியர்கள் மக்களை ஆராதனைக்கு அழைக்கும் மரபுத்தொடரை ஆமோஸ் எடுத்தாண்டு, பெத்தேலுக்கு வந்து பாவஞ்செய்யும்படி அழைக்கிறார் (4:4). சங்கீதத்தை அறியாதவனுக்கு யோபின் கசப்பு விளங்காது. ஆலய அழைப்பைக் கேட்டுப் பழகாதவனுக்கு ஆமோஸின் குத்தல் உறைக்காது. நையாண்டி மூலத்தினிடம் கடன்பட்டே உயிர்வாழ்கிறது.

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், உயிர்த்தெழுதல் ஞாயிறன்று ஒளிபரப்பான ‘சிம்ப்ஸன்ஸ் பைபிள் ஸ்டோரீஸ்’ என்னும் பகுதியை ஆராய விரும்புகிறோம். மாட் க்ரோனிங் படைத்த ‘தி சிம்ப்ஸன்ஸ்’ 1989 டிசம்பரில் தனித்தொடராகத் தொடங்கிய கார்ட்டூன் நகைச்சுவை. தந்தை ஹோமர், தாய் மார்ஜ், பிள்ளைகள் பார்ட், லீசா, மேகி ஆகியோரைக் கொண்ட ஒரு குடும்பமே அதன் மையம். இத்தொடரை இறைநிந்தனை என ஒரே சொல்லில் ஒதுக்குவோர் உண்டு. சலித்துக்கொண்டேனும் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குச் செல்லும் குடும்பம் இது என்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

வெப்பம் தாங்கவியலாத ஆலயம். காணிக்கைத் தட்டில் ஹோமர் சாக்லேட் முயல் ஒன்றை இடுகிறான். சினமுற்ற போதகர் லவ்ஜாய் திருமறையை அதன் முதல் வரியிலிருந்தே வாசிக்கத் தொடங்க, குடும்பம் உறங்கிவிடுகிறது. (பவுல் நெடுநேரம் பிரசங்கித்தபோது ஐத்திகு சன்னலிலிருந்து விழுந்ததை நினைவுகூர்வோர் லவ்ஜாயை மட்டும் குறைகூறத் துணியார்.) நால்வர் நான்கு கனவு காண்கின்றனர். ஒவ்வொரு கனவிலும் அவ்வூராரே வேதாகம மாந்தராக வேடமேற்கின்றனர்.

முதற்கனவு மார்ஜினுடையது, நான்கினுள் சிறந்ததும் அதுவே. அவள் ஏவாள், ஹோமர் ஆதாம். கடவுளாக வருபவரோ மிகுந்த பக்தியுள்ள அடுத்த வீட்டுக்காரர் ஃபிளாண்டர்ஸ். விலக்கப்பட்ட கனியைக் குவியல் குவியலாகத் தின்பவன் ஆதாம். தயங்கும் மனைவியை வற்புறுத்தித் தின்னவைப்பவனும் அவனே. அவள் அகப்பட்டு வெளியேற்றப்படும்போது வாய்திறவாமல் நிற்கிறான். மேலோட்டமாக நோக்கினால் இது கதையைத் தலைகீழாக்கும் விளையாட்டு. ஆயின் ஆதியாகமம் 3:6இன் எபிரெய மூலத்தில், கனியைப் பெற்ற கணவனைக் குறிக்கையில் ‘அவளுடன்’ எனப் பொருள்படும் சொல் நிற்கிறது. உரையாடல் நடக்கையில் ஆதாம் அருகிலேயே இருந்திருக்கக்கூடும் என்று அதிலிருந்து கொள்ளும் விளக்கவுரையாளர் பலர். ஏவாளே வஞ்சிக்கப்பட்டாள் எனக் கூறும் 1 தீமோத்தேயு 2:14ஐ மட்டும் பற்றிக்கொண்டு பெண்ணின்மேல் பழியனைத்தையும் சுமத்திய பிரசங்க மரபை இந்நையாண்டி நேராகத் தாக்குகிறது. திருமறையில் ஆதாம் மனைவியைக் காட்டிக்கொடுத்துப் பேசுகிறான். இங்கே பேசாமலிருந்தே காட்டிக்கொடுக்கிறான். மூலத்தைக் கூர்ந்து நோக்கியவர்க்கே இத்தகைய மாற்றம் கைகூடும்.

லீசாவின் கனவில் பள்ளிப் பிள்ளைகள் எகிப்தின் அடிமைகள். தலைமையாசிரியர் ஸ்கின்னர் பார்வோன். மூக்குக்கண்ணாடி அணிந்த கோழைச் சிறுவன் மில்ஹவுஸ் மோசே. எகிப்தின் கழிவறைத் தொட்டிகளிலெல்லாம் ஒரே நேரத்தில் நீரை இறக்கிவிட்டுக் கடலை வற்றச் செய்கின்றனர். அருவருப்பாகத் தோன்றும் இந்நகைச்சுவையின் இலக்கு யாத்திராகமம் அன்று. செசில் பி. டிமில் 1956இல் எடுத்த ‘தி டென் கமாண்ட்மென்ட்ஸ்’ 1973 முதல் ஏறத்தாழ ஆண்டுதோறும் பஸ்கா, உயிர்த்தெழுதல் நாள்களையொட்டி அமெரிக்கத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டு வந்தது. அதில் சுவர்களாய் எழும்பி நின்ற கடலே மக்கள் மனத்தில் பதிந்தது. 1998இல் வெளிவந்த ‘தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்’ அதைப் புதுப்பித்தது. இரவு முழுவதும் வீசிய கீழ்காற்றைப்பற்றி யாத்திராகமம் 14:21 கூறுவதை நம் சபையாருள் எத்துணைப்பேர் நினைவிற் கொண்டுள்ளனர்? திரைப்படம் மூலத்தின் இருக்கையில் அமர்ந்துவிட்டது. கார்ட்டூன் நகையாடுவது அவ்வாறு அமர்ந்ததையே.

இக்கனவின் முடிவு வேறுவகை. நாற்பதாண்டு வனாந்தரப் பயணம் காத்திருப்பதாக லீசா சொல்ல, அதற்குப்பின் யூதருக்கு எல்லாம் நலமாகுமா என மில்ஹவுஸ் வினவுகிறான். அவள் தயங்கி, மழுப்பி, மன்னாவைச் சுட்டிக்காட்டிப் பேச்சை மாற்றுகிறாள். ஐரோப்பாவில் கிறிஸ்தவர்கள் நடுவிலேயே நிகழ்ந்த துரத்தல்களும் படுகொலைகளும் ஒரு சிறுமியின் மழுப்பலுக்குள் அடைபட்டிருக்கின்றன. வரலாற்றை இவ்வளவு எளிதாகக் கடக்கலாமா எனச் சிலர் கேட்கக்கூடும். எமக்கோ, சிரித்துக்கொண்டிருப்பவனின் சிரிப்பை நிறுத்தவல்ல இடம் இப்பகுதியில் இது ஒன்றே எனத் தோன்றுகிறது.

சாலொமோனாகத் தன்னைக் காணும் ஹோமரின் கனவு மிகச் சிறியது. ஒரு பணியாரத்துக்காக இருவர் வழக்காட, அரசன் இருவரையும் கொன்றுவிட்டுப் பணியாரத்தைத் தின்கிறான். 1 இராஜாக்கள் 3இல் ஒரு தாயின் உள்ளத்தை வெளிப்படுத்திய வாள் இங்கே வெறும் பசிக்கு ஊழியஞ்செய்கிறது. அக்காலத் தொலைக்காட்சியில் மலிந்திருந்த நீதிமன்ற நிகழ்ச்சிகளைக் கேலி செய்வதற்கப்பால் இதில் சரக்கில்லை.

பார்ட்டின் கனவில் தாவீது அரசனை எதிர்க்க ‘இரண்டாம் கோலியாத்’ வருகிறான். அப்பெயரே, வெற்றிபெற்ற படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கும் ஹாலிவுட் வழக்கத்தின் கேலி. (2 சாமுவேல் 21இலும் இராட்சத வம்சத்தார் அடுத்தடுத்து எழும்புகின்றனர், எழுதியோர் அதை அறிந்திருந்தால் இன்னும் சுவைத்திருக்கும்.) நண்பன் கொல்லப்படுதல், நாயகன் தோற்றல், கடும்பயிற்சி, பழிவாங்கல் எனச் சண்டைப்படத்தின் படிகள் அனைத்தும் வரிசையாக வருகின்றன. வேதாகமம் இங்கே உடையும் பெயருமாகச் சுருங்கிவிட்டது. இதை மெய்யான திருமறை நையாண்டி எனல் இயலாது. ஆயினும் முடிவில் மக்கள் தாவீதைக் கொலைகாரனெனப் பிடிக்கின்றனர். கோலியாத் சாலைகளும் மருத்துவமனைகளும் நூலகங்களும் அமைத்த நல்லரசன் என்கின்றனர். வீழ்ந்த பகைவன் யாராக இருந்தான் என்று சண்டைப்படம் ஒருபோதும் கேட்பதில்லை. 1 சாமுவேல் 17ஐக்கொண்டு ஞாயிறு பள்ளியில் நாம் நிகழ்த்தும் பாடங்களும் அதைக் கேட்பதில்லை.

நான்கு கனவுகளும் பழைய ஏற்பாட்டுக்குள்ளேயே நிற்கின்றன. உயிர்த்தெழுதல் நாளன்று ஒளிபரப்பியும், வெறுமையான கல்லறையைக் குறித்து ஒரு நகைப்பும் இல்லை. சாலொமோனின் வழக்குப்பட்டியலில் ஒரு வாதியாக மட்டும் இயேசுவின் பெயர் வந்துபோகிறது. இதனை மரியாதையென்போரும், விளம்பரதாரர் பற்றிய அச்சமென்போரும் இருக்கலாம். கதைக்குள்ளேயே ஒரு காரணமும் இருக்கிறது. சினத்தில் ஆதியாகமத்துக்குத் திரும்பிய லவ்ஜாய் அன்றைய நற்செய்தியை வந்தடைந்ததாகக் காட்டப்படவில்லை. குடும்பத்தார் கண்விழிக்கையில் ஆலயத்தில் ஒருவருமில்லை. வெளியே உலகின் முடிவு வந்துவிட்டது. ஃபிளாண்டர்ஸ் குடும்பம் வானத்துக்கு ஏறிச்செல்கிறது. லீசாவும் மெல்ல எழும்புகிறாள். தந்தை அவள் காலைப் பற்றிக் கீழே இழுத்துக்கொள்கிறான். பின்னர் எல்லாரும் நரகத்தின் படிகளில் இறங்குகின்றனர். அங்கிருந்து வரும் இறைச்சி மணம் ஹோமருக்கு மகிழ்ச்சியளிக்கிறது.